மூன்றாவது டியூப்

4 ஜூலை 2024, வியாழன்

பொங்கலுக்குப் பிறகு இதில் எதுவும் எழுதவில்லை. என் வீட்டுக்காரர் சென்னிமலையின் பேட்டரிக் கடைக்கு கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு குட்டி லாரி ஓடுகிறது. இனியன் கோயம்புத்தூர் காலேஜ் விடுதிக்குப் போய்விட்டான். மகன் இல்லாத வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அந்த அளவுக்கு எழுத்து கூடும் போலிருக்கிறது.

காலையில் ராசிபுரத்தில் பஸ் ஏறும்போதே தூறல். சேலம் வந்து, லேபுக்குள் நுழைந்து, கோட்டை மாட்டுவதற்குள் இரத்த பாட்டில் வைக்கும் இயந்திரம் கத்தியது. பாட்டிலுக்குள் ஏதோ வளர்கிறது என்று அர்த்தம். பதினெட்டு வருடமாகக் கேட்கிற சத்தம்தான். இன்னும் அது கத்தினால் யாரோ வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கிறது.

தனபால், 38, தீவிர சிகிச்சைப் பிரிவு, ஏழாம் படுக்கை. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கரில் பைப் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்துவிட்டு ஆம்புலன்சிலேயே இங்கே கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஒரு சொட்டுச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இளஞ்சிவப்புக் குச்சிகள். நிறைய.

5 ஜூலை, வெள்ளி

கிளெப்சியெல்லா.

எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியல் மாலை வந்தது. மேலிருந்து கீழே வரை R. மற்றதெல்லாம் தோற்றால் போடுகிற மெரோபெனத்துக்கும் R. எதற்கும் அடங்காது என்று அர்த்தம். மிச்சம் கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த பழைய மருந்து. வேறு எதுவும் இல்லாததால் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தோம்.

கொலிஸ்டினுக்கு மட்டும் இயந்திரத்தை நம்ப முடியாது. கையால் செய்ய வேண்டும். கிருமி வளர்கிற ப்ராத் ஊற்றிய நான்கு டியூப். முதலாவதில் மருந்து கிடையாது. அடுத்ததில் ஒரு மருந்து வில்லை, அதற்கடுத்ததில் இரண்டு, கடைசியில் நான்கு. எல்லாவற்றிலும் கிருமியை விட்டு ஒரு ராத்திரி சூட்டில் வைப்போம். காலையில் கலங்கியிருந்தால் கிருமி பிழைத்தது. தெளிவாக இருந்தால் மருந்து ஜெயித்தது.

வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

6 ஜூலை, சனி

முதல் டியூப் கலங்கல். சரி, அது கலங்கத்தான் வேண்டும். இரண்டாவது தெளிவு. மூன்றாவது கலங்கல். நான்காவது தெளிவு.

ஒரு வில்லைக்கு அடங்கிய கிருமி இரண்டு வில்லைக்கு எப்படி அடங்காமல் போகும்? வில்லை போட மறந்தேனோ என்று டியூபைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இரண்டும் கிடக்கின்றன. வேறு கிருமி ஏதாவது விழுந்ததா? மூடி சரியாக இல்லையா? மின்விசிறிக்கு நேராக வைத்தேனா?

கையுறைப் பெட்டி அட்டையில் குறித்துக்கொண்டேன்: 7 — கலங்கல், தெளிவு, கலங்கல், தெளிவு. எங்கள் லேபில் அதுதான் வழக்கம். கையுறை தீர்ந்ததும் பெட்டியைக் கிழித்து, காலையில் பார்க்கிறதையெல்லாம் அந்த அட்டையில் கிறுக்குவோம். குழப்பமானதைத் திரும்பச் செய்து, சரியாக வந்ததை மட்டும் பதிவேட்டில் ஏற்றுவோம். பதிவேடு அதனால் எப்போதும் அழகாக இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்கள் பாராட்டுவார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இரண்டு முறை போன். கிருமி வளர்ந்திருந்த தட்டில் நன்றாக, தனியாக, உருண்டையாக நின்ற ஒரு புள்ளியை எடுத்து நான்கு டியூபும் புதிதாக வைத்தேன். பழைய நான்கையும் கழிவுக் கூடையில் போட்டேன். கொதிக்க வைத்துக் கொன்றுவிடுவார்கள்.

மத்தியானம் ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலில் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். தலையைக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, ஏழாம் நெம்பர் பெட்டுங்க. எங்கூட்டுக்காரரு கிருமிய நீங்கதானுங்களா வளத்தறீங்க?"

நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன் என்றேன். அது அவளுக்கு முக்கியமாகப் படவில்லை.

"கொல்றதுக்குத்தானுங்களே இங்க வந்திருக்கறோம். நீங்க பாட்டுக்குச் சோறு போட்டு வளத்துனா?"

"எந்த மருந்துல சாகுதுன்னு பாக்கோணும்னா மொதல்ல வளத்தோணும் அம்மணி."

"அப்புடீங்களா." கொஞ்சம் யோசித்தாள். "நல்லா வளருதுங்களா?"

"நல்லா வளருது."

ஏதோ பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றி விசாரித்தது போல இருவரும் ஒரு நிமிடம் நின்றோம். பெயர் சௌந்தர்யாவாம்.

7 ஜூலை, ஞாயிறு

இன்று எனக்கு டியூட்டி. இரண்டாம் முறை வைத்தது ஒழுங்காக வந்துவிட்டது. முதலாவது மட்டும் கலங்கல். மற்ற மூன்றும் கண்ணாடி. ஒரு வில்லைக்கே அடங்கிவிட்டது. அப்பாடா.

ரிப்போர்ட்டில் "இடைநிலை" என்று போட்டேன். இந்த மருந்துக்கு இப்போது "கேட்கும்" என்று எழுதுவதற்கே விதி இல்லை. கிடைக்கக்கூடிய நல்ல மதிப்பெண் அதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் கிருத்திகா போன் செய்தார்.

"இடைநிலைன்னா போடலாமா, வேண்டாமா?"

"போடலாம் டாக்டர். முழுசா நம்ப முடியாதுன்னு அர்த்தம்."

"நீங்களே இப்படிக் குழப்புனா நான் யாரைக் கேக்கறது ஜோதி மேடம்?"

சாயங்காலமே கொலிஸ்டின் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பதிவேட்டில் இன்றைய வரியை மட்டும் எழுதினேன்.

9 ஜூலை, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது. சௌந்தர்யா ஜன்னலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். "கண்ணத் தொறந்து புள்ளை எங்கன்னு கேட்டாருங்க்கா." டாக்டரம்மா போய் அக்கா ஆகிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது காரணமில்லாமல் சந்தோஷம்.

10 ஜூலை, புதன்

காரணமில்லாமல் வந்தது காரணமில்லாமலே போய்விட்டது. அந்த மூன்றாவது டியூப் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

புத்தகத்தை எடுத்துப் படித்தேன். கொலிஸ்டின் கிருமியின் மேல்தோலில் போய் ஒட்டிக்கொண்டு அதைக் கிழிக்கிறது. மருந்துக்கு நேர்மின்சுமை, தோலுக்கு எதிர்மின்சுமை, அதனால்தான் ஒட்டுகிறது. ஏதோ ஒரு கிருமியில் ஒரு மரபணு பழுதாகிவிட்டால் அதன் தோலில் எதிர்ச்சுமை குறைந்துபோகும். மருந்து ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பழுதானதால் பிழைக்கிறது! இது எனக்குத் தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது. கெட்டுப்போன பூட்டு திருடனைத் தடுக்கிற மாதிரி.

காலேஜில் "கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது" என்று சொல்லிக்கொடுத்தார்கள். இருபது வருடமாக நானும் அதைத்தான் சொல்கிறேன். யார் கற்கிறது? செத்தது கற்க முடியாது. பிழைத்தது முன்பே அப்படி இருந்தது. அப்படியானால் கற்றது யார்?

இடையில் ஒரு டியூப் மட்டும் தாண்டிக் கலங்கினால் அலட்சியம் செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. இதை நான் முன்பும் படித்திருப்பேன். படித்திருப்பேனா?

12 ஜூலை, வெள்ளி

தனபாலின் சிறுநீரகம் தளர்கிறது. கிரியாட்டினின் 2.6. கொலிஸ்டின் அளவைப் பாதியாக்கிவிட்டார்கள். தப்பு சொல்ல முடியாது. மருந்தே ஆளைக் கெடுத்தால் என்ன செய்வது?

சௌந்தர்யா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். கேட்பதற்கு எதுவும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் உட்கார்ந்தால் பயமாக இருக்கிறதாம். இங்கே ஆள் நடமாட்டம் இருக்கிறதாம். மாமனார் போனில் சொன்னதை என்னிடம் சொல்லி அங்கலாய்த்தாள்.

"கல்லக்காட்டுக்குக் களைக்கொல்லி அடிச்சாருங்க்கா. வரப்போரம் வாரப்ப மருந்து பத்தலையாட்ட இருக்குது. தண்ணிய ஊத்திக் கலக்கி ஒப்பேத்திட்டாரு. அடிச்ச நாலு நாளைக்கு எல்லாம் கருகிக் காடே சுத்தமா இருந்துச்சாமா. இப்பப் பாத்தா ஓரம் பூராம் கோரை. முன்னயெல்லாம் அங்கொண்ணு இங்கொண்ணுதான் நிக்கும். மத்த புல்லு இருந்தவரைக்கும் அது கண்ணுக்கே தெரியலீங்க."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, மாமன் கோரைய வையறாரு. கோரை என்ன பண்ணுங்க? எடம் கெடச்சுது, வந்துருச்சு."

அவள் போன பிறகு ரொம்ப நேரம் வேலை ஓடவில்லை. மத்த புல்லு இருந்தவரைக்கும் கண்ணுக்கே தெரியல.

நான் தட்டிலிருந்து எடுத்தது ஒரே ஒரு புள்ளி, ஒற்றைக் கிருமி பெருகி வந்தது. இருப்பதிலேயே அழகாக நின்றது. அந்த மூன்றாவது டியூபில் கலங்கி நின்றதை எடுத்திருக்க வேண்டும். மருந்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பிழைத்ததை. அதைத்தான் கூடையில் போட்டேன்.

இல்லை, வெறும் தூசியாகவும் இருந்திருக்கலாம். எப்படித் தெரியும்?

13 ஜூலை, சனி

திரும்பக் காய்ச்சல். 102.

டாக்டர் கிருத்திகா, கழுத்தில் போட்டிருக்கும் குழாயிலிருந்து வருவதாக நினைக்கிறார். "கொலிஸ்டின்தான் ஓடுதே, நீங்கதானே அடங்குதுன்னு கொடுத்தீங்க" என்றார் போனில். குழாயை மாற்றிவிட்டு, அதே மருந்தைத் தொடர்ந்துகொண்டு, புதுப் பாட்டில் அனுப்பியிருக்கிறார். அதன் முடிவு வர செவ்வாய் ஆகும். அதுவரை என் ரிப்போர்ட்டை நம்பித்தான் அந்த ஆள் படுத்திருக்கிறார்.

முதல் நாள் கிருமியை ஃபிரிட்ஜில் ஒரு சின்னக் குப்பியில் வைத்திருப்போம். தட்டை மொத்தமாக வழித்து வைத்தது. ஒற்றைப் புள்ளி அல்ல. மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்னால் இருந்த கிருமி. சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது அதை எடுத்து இருபது டியூபில் விட்டேன். இருபதிலும் இரண்டிரண்டு வில்லை. எல்லாமே மூன்றாவது டியூப்தான். யாரையும் கேட்கவில்லை.

அட்டையைத் தேடினேன். பழைய அட்டைகள் மேஜைக்கு அடியில் ஒரு சாக்கில் கிடக்கும். மாதம் ஒருமுறை போட்டுவிடுவார்கள். கிடைத்தது. என் எழுத்து. ஓரத்தில் யாரோ டீ கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சென்னிமலைக்கு பேட்டரி பற்றித் தெரியும், கிருமி பற்றித் தெரியாது. ஆனால் மனிதர்களைப் பற்றித் தெரியும்.

"அந்த அட்டை உன்ற கைலதான இருக்குது?"

"ஆமா."

"வேற ஆருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பக் கம்முனு இரு அம்மணி. செவ்வாக்கெழம எப்புடியும் அவிகளுக்கே தெரியத்தான போகுது. நீ போயி நாந்தான் பண்ணுனேன்னு சொன்னா, அந்தாளு எதுல போனாலும் உன்ற தலைலதான் வெப்பாங்க. பதினெட்டு வருஷம். ஒரு டியூப்புக்காக."

அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு தோசை அதிகம் சுட்டு என் தட்டில் வைத்தார்.

செவ்வாய்க்கு மூன்று நாள் இருக்கிறது. ஒரு கிருமி இரண்டாக அரை மணி நேரம் போதும்.

14 ஜூலை, ஞாயிறு

முதல் பஸ்ஸில் போனேன். லீவு நாள். காவலாளி, "என்னங்க மேடம், ஞாயித்துக்கெழமையுமா?" என்றார்.

இருபதில் மூன்று கலங்கியிருந்தன. பதினேழு கண்ணாடி போல.

திரும்பத் திரும்ப எண்ணினேன். சாயமேற்றிப் பார்த்தேன். தூசி இல்லை, வேறு கிருமி இல்லை. அதே குச்சிகள். முதல் நாளே இருந்திருக்கிறது. கோடியில் ஒன்றாகவோ என்னவோ, மற்றதற்குள் மறைந்து. சில டியூபில் விழும், சில டியூபில் விழாது. முதல் நாள் என்னிடம் வந்து நின்றது. நான்தான் அதைக் கொட்டிவிட்டு, அது இல்லாத புள்ளியாகப் பார்த்துப் பொறுக்கி, அடங்கும் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஐயோ என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

டாக்டர் சந்தோஷ்குமாருக்கு போன் போட்டேன். லேபுக்குப் பொறுப்பு அவர்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். அரை மணி நேரத்தில் டீ-ஷர்ட்டோடு வந்தார். டியூப்களைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஏங்க்கா அன்னைக்கே சொல்லல?"

"ரெண்டாவது தடவை சரியா வந்துருச்சு."

"சரியான்னா?"

எது சரி என்று நான் எப்படி முடிவு செய்தேன்? எனக்கு வேண்டியது போல வந்ததை.

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். போனை என் கையில் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க. என்னவிட உங்களுக்குத்தான் தெளிவாத் தெரியும்" என்றார். தெளிவாக! டாக்டர் கிருத்திகாவிடம் சொன்னேன். கொலிஸ்டினை நம்ப வேண்டாம். முதல் நாளே எனக்கு ஒரு டியூப் கலங்கியது, நான் சொல்லவில்லை. "அதை அப்பறம் பேசிக்கலாம். நிறுத்திடறேன்" என்று வைத்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் மருந்தை மாற்றிவிட்டார்கள். செஃப்டாசிடிம்-அவிபாக்டம், கூடவே ஆஸ்ட்ரியோனம். இரண்டும் சேர்ந்தால் சில சமயம் வேலை செய்கிறது. சேர்த்துச் சோதித்துப் பார்க்க எங்களிடம் முறையான வழி இல்லை. வில்லைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சந்தோஷ்குமாரும் நானுமாக ஒரு குத்துமதிப்பான சோதனை வைத்தோம். அவர் என்னோடு பேசவில்லை. ஃபோர்செப்ஸை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

15 ஜூலை, திங்கள்

சௌந்தர்யாவிடம் நானே சொன்னேன். சொல்ல வேண்டியது என் வேலை இல்லை என்பார்கள். இருந்தும் அந்த ஜன்னலில் அவள் முகத்தை வேறெப்படிப் பார்ப்பது?

அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கோரை முதல் நாளே நின்றது, எனக்கும் தெரிந்தது, களை என்று நினைக்காமல் பிடுங்கிப் போட்டுவிட்டு, காடு சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று.

"அப்ப மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா?"

"வேற மருந்து போட்டிருப்பாங்க."

"போட்டிருந்தா நல்லாயிருப்பாருங்களா?"

"தெரியல அம்மணி."

"இப்பப் போட்டதுல நல்லாயிருவாருங்களா?"

"தெரியல."

கையிலிருந்த ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "வந்த நாள்லருந்து இத்தன பேப்பரு குடுத்தீங்களே. தெரியலைன்னு ஒரு பேப்பரு குடுத்திருந்தா என்னங்க?"

போய்விட்டாள்.

16 ஜூலை, செவ்வாய்

புதுப் பாட்டில் கிருமி. நான்கு டியூபும் கலங்கல். எல்லாம் கோரை.

சோதனைத் தட்டில், இரண்டு வில்லைகளுக்கும் நடுவில் மட்டும் ஒரு சின்ன வெற்றிடம் விழுந்திருக்கிறது. நகத்தளவு. அங்கே கிருமி வளரவில்லை. சந்தோஷ்குமார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றார். இரண்டு நாளில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

17 ஜூலை, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காய்ச்சல் 101.

19 ஜூலை, வெள்ளி

காய்ச்சல் 100. டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறார்கள்.

இவை எதுவும் எனக்கு யாரும் சொல்வதில்லை. ரத்தம் கொண்டு வருகிற நர்ஸிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்கிறேன்.

22 ஜூலை, திங்கள்

மெமோ. "முதல்நிலை முடிவைப் பதிவு செய்யத் தவறியது." நான்கு வாரத்துக்குக் கல்ச்சர் லேபில் வேலை இல்லை, தரைத் தளத்தில் இரத்த வகை பார்க்கும் கவுண்டர். கையெழுத்து அதிகாரம் நிறுத்தி வைப்பு.

மெமோ வலிக்கவில்லை. அதைக் கொடுக்கும்போது சந்தோஷ்குமார் சொன்னதுதான் வலித்தது. "போன வருஷம் இதே டெஸ்ட் நூத்திப் பதினாலு பண்ணியிருக்கோம்க்கா. பதிவேட்டுல ஒண்ணுல கூட இடையில கலங்குனதா இல்ல. ஒண்ணுல கூட."

சாக்கு அட்டைகளை மாதாமாதம் போட்டுவிட்டோம். நான் மட்டுமா கிறுக்கினேன்? எல்லோரும்தான். எத்தனை கலங்கல் அந்த அட்டைகளோடு போனது? சேலத்துக்கே கொலிஸ்டின் கேட்கிறது என்று நாங்கள் எழுதிவைத்த கணக்கில் எது நிஜம்? கிருமி ஒளிந்துகொள்கிறது என்று நினைத்திருந்தேன். அது டியூபைக் கலக்கிக்கொண்டு எங்கள் கண் முன்னால்தான் நின்றிருக்கிறது.

கையுறைப் பெட்டிகளை இனிமேல் முழுசாக அப்படியே கழிவில் போட வேண்டும் என்று உத்தரவு. பார்த்ததைப் பார்த்தபடி, மையால், பதிவேட்டில். அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டுமாம்.

26 ஜூலை, வெள்ளி

கவுண்டரில் வேலை சுலபம். A, B, O. மருந்துச் சொட்டில் இரத்தம் கட்டினால் கட்டியது, கட்டாவிட்டால் இல்லை. மனித இரத்தம் இவ்வளவு நேர்மையானதா!

மத்தியானம் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு சீட்டு வந்தது. ஏழாம் படுக்கை. பெயர் முத்தாயம்மாள், 70.

தனபால் எங்கே?

வார்டுக்கு மாற்றியிருக்கலாம். வேறு விதமாகவும் இருக்கலாம். படுக்கை காலியாக இரண்டு வழிதான். போன் எடுத்து எண்ணை அழுத்தி, மணி அடிக்கும்முன் வைத்துவிட்டேன். பதினெட்டு வருடம் ரிப்போர்ட் கொடுத்தவளுக்கு ஒரு ரிப்போர்ட் கேட்க தைரியம் இல்லை.

29 ஜூலை, திங்கள்

படிக்கட்டில் சந்தோஷ்குமாரைப் பார்த்தபோது கேட்டேவிட்டேன். "ஈரோட்டுப் பக்கம் வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கக்கா. ஊருக்குப் பக்கம்னு. அப்பறம் தெரியல."

தெரியலைன்னு ஒரு பேப்பரு.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப் பதினெட்டு. மேட்டூர் நிரம்பி ஆற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிறது என்று இவர் பரமத்தி வேலூருக்குக் கூட்டிப் போனார். படித்துறையில் இறங்க விடவில்லை. தள்ளி நின்று பார்த்தோம். கலங்கிய தண்ணீர். கூட்டத்தில் ரிக் கம்பெனி பெயர் அச்சடித்த சட்டையோடு ஒருவர், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு. முகத்தைப் பார்க்கக் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். பார்த்த பிறகு ஞாபகம் வந்தது. தனபாலின் முகம் எனக்குத் தெரியாது. ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவர் கிருமியைத்தான் தெரியும்.

"என்ன ரோசன?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்லீங்."

"நீ சொன்னதுதான் செரி" என்றார் தண்ணீரைப் பார்த்தபடியே. "அன்னைக்கு நாஞ் சொன்னது பேட்டரிக் கடைக்காரன் ரோசன. செல்லு செத்த பேட்டரிய வார்னிஷ் அடிச்சு விக்கற ரோசன."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

19 ஆகஸ்ட், திங்கள்

திரும்பக் கல்ச்சர் லேப். பதிவேட்டைத் திறந்தால் பக்கம் முழுக்க அடித்தல், அம்புக்குறி, கேள்விக்குறி. யாரோ சின்னப் பெண் ஒருத்தி ஓரத்தில், "புரியவில்லை, திரும்ப வைக்கிறேன், பழைய டியூபும் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள். இந்தக் கிறுக்கலைப் பார்த்தால் ஆய்வுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

கையெழுத்து அதிகாரம் இன்னும் திரும்பவில்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

ஜன்னலில் வளையல் சத்தம். நிமிராமலே, "சீட்டு வைங்க" என்றேன். சீட்டை வைக்காமல் ஒரு சிறுநீர் டப்பாவை உள்ளே தள்ளியது ஒரு கை.

சௌந்தர்யா.

அவளுக்குப் பின்னால், தூண் ஓரமாக, சக்கர நாற்காலியில் ஓர் ஆள். ஒல்லியாக. மடியில் எக்ஸ்ரே கவர். எலும்பு டாக்டரிடம் காட்ட வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு நோட்டீஸை முழுக்கக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். முகம் நான் நினைத்தது போல இல்லை. நான் என்ன நினைத்திருந்தேன் என்றும் தெரியவில்லை.

"வாரம் ஒருக்கா டயாலிசிஸ்ங்க. நிறுத்திரலாங்கறாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. டாக்டரம்மா என்றும் சொல்லவில்லை.

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க." டப்பாவை இன்னும் ஒரு விரல் என் பக்கம் நகர்த்தினாள். "இதையும் ஒருக்கா வளத்திப் பாருங்க. பாத்ததப் பாத்த மாறயே எழுதிக் குடுங்க. போதும்."

21 ஆகஸ்ட், புதன்

இன்குபேட்டரைத் திறந்து முதலில் அந்தத் தட்டைத்தான் எடுத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. துடைத்துவைத்த மாதிரி.

பதிவேட்டில் எழுதினேன்: தனபால், 38. முதல் நாள், வளர்ச்சி இல்லை.

இதற்கு மேல் வைக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. தட்டை மூடி, திரும்ப உள்ளே வைத்தேன். நாளைக்கும் பார்க்கிறேன்.